மழைக் கணக்கு மாறிவிட்டது. தகராறு மட்டும் மாறவில்லை!

மும்பையில் ஜூன் 10-ந் தேதி மழை பிடிக்கும். செப்டம்பர் 29-ந் தேதி விடைபெறும். பல்லாண்டு காலமாக வானிலை இலாகா வைத்திருந்த கணக்கு இது.

மும்பைத் தமிழர்களின் வாழ்க்கையும் இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தது. மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தை ஊருக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் திறக்குமுன் அழைத்து வருவார்கள். அதற்குள் கூரைக்குத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். ஒழுகும் ஓட்டை மாற்றியாக வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா குடையைப் பழுது பார்த்து வைப்பார். தாராவி இட்லி வியாபாரி விறகையும் அரிசியையும் மேடான இடத்துக்கு ஏற்றி வைப்பார்.

அந்தக் கணக்கு இன்று பொய்த்துவிட்டது.

2020-ம் ஆண்டில் இந்திய வானிலை இலாகாவே தேதிகளைத் திருத்தி எழுதியது. மும்பையில் மழை தொடங்கும் நாள் ஜூன் 11 ஆயிற்று. விடைபெறும் நாளோ செப்டம்பர் 29-ல் இருந்து அக்டோபர் 8-க்குத் தள்ளிப் போயிற்று. தசரா வரை குடையைக் கீழே வைக்க முடியாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது போல் ஆயிற்று.

திருத்திய கணக்கும் நிலைக்கவில்லை. 2025-ம் ஆண்டில் மே 26-ந் தேதியே பருவமழை மும்பைக்குள் புகுந்தது. 1950-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரமாக அது வந்ததில்லை. கால்வாய்களில் தூர் வாரும் வேலை முடியவில்லை. தார்ப்பாய் போட்டவர்களும் குறைவு. ஒர்லியில் ஆச்சார்ய அத்ரே சவுக் பாதாள மெட்ரோ நிலையம் திறந்து 20 நாள் கூட ஆகவில்லை. அதற்குள் வெள்ளம் புகுந்து நிலையத்தை மூட வேண்டியதாயிற்று.

கடல் சூடானால் என்ன?

பருவம் ஏன் இப்படித் தடுமாறுகிறது?

மும்பைக்கு மழை தருவது அரபிக்கடல். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வெளியாகும் புகையால் பூமி சூடாகிறது. அந்தச் சூட்டின் பெரும்பங்கைக் கடல்தான் வாங்கிக் கொள்கிறது. சூடான கடலில் இருந்து ஆவி அதிகமாக எழும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் மெதுவாக இறங்குவதில்லை. பல நாள் வெயில் அடிக்கிறது. பிறகு சில மணி நேரத்தில் பானையைக் கவிழ்த்தது போல் கொட்டித் தீர்க்கிறது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்சி மேத்யூ கோலும் அவருடன் சேர்ந்த விஞ்ஞானிகளும் 2017-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 1950 முதல் 2015 வரையிலான மழையை அவர்கள் அலசினார்கள். மேற்குக் கரையில் இருந்து மத்திய இந்தியா வரை, பரவலாகக் கொட்டும் பெருமழைகள் மூன்று மடங்காகிவிட்டன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் பருவம் முழுவதும் பெய்யும் மொத்த மழை கூடவில்லை. மழை அதே மழைதான். பெய்யும் விதம் மாறிவிட்டது.

ஒரே அளவு, இரண்டு ஊர்

2005 ஜூலை 26-ந் தேதியை மும்பையில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் இறங்கியது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 74 மில்லி மீட்டருக்கும் குறைவு! மும்பையில் மட்டும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆபீஸ் விட்டுப் புறப்பட்டவர்கள் இரவு முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள்.

மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தச் சீமைக்கும் இதே கதி நேர்ந்தது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் மழை பெய்தது. 2005-ல் சாந்தாகுரூசில் பெய்ததும் அதே அளவுதான். திருச்செந்தூரில் இருந்து புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் சிக்கிக் கொண்டார்கள். மும்பையில் இருந்த பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள், லைன் கிடைக்கவில்லை.

பிழைக்க வந்த இடத்திலும் வெள்ளம்; பிறந்த இடத்திலும் வெள்ளம். இனி, "அது எப்போதோ ஒருமுறை வருவது" என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

1985-ல் நனைந்த நகரம்

மழையைத் தடுக்க மனிதனால் முடியாது. ஆனால் விழுந்த தண்ணீருக்கு வழிவிட முடியும். அந்த வழி எங்கே அடைபட்டது?

மும்பையின் பழைய மழைநீர்ச் சாக்கடைகள் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. ஒரு மணி நேரத்துக்கு 25 மில்லி மீட்டர் மழையைத்தான் அவை தாங்கும். அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில். கடல் ஏறும் வேளையில் சாக்கடையின் வாய் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வரும்.

1985-ம் ஆண்டு பெருமழைக்குப் பிறகு மாநகராட்சி விழித்துக் கொண்டது. நிபுணர்களை வைத்து ஆராய்ந்தது. 1993-ல் ஒரு பெரிய திட்டம் தயாராயிற்று. "பிரிம்ஸ்டோவாட்" என்று அதற்குப் பெயர். சாக்கடைகளை அகலப்படுத்தி, ஒரு மணிக்கு 50 மில்லி மீட்டர் மழையைத் தாங்கச் செய்ய வேண்டும். கடலோரத்தில் பெரிய பம்பு நிலையங்கள் கட்ட வேண்டும் என்று திட்டம் கூறியது. அன்றைய செலவு மதிப்பு சுமார் 600 கோடி ரூபாய்.

பணம் இல்லை என்று சொல்லித் திட்டத்தின் பெரும்பகுதியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 12 ஆண்டு கழித்து 2005 வெள்ளம் வந்துதான் பூட்டைத் திறந்தது. மாதவ் சித்தலே தலைமையில் உண்மை அறியும் குழு அமைந்தது. அது 2006-ல் அறிக்கை தந்தது. 2007-ல் மத்திய அரசாங்கம் 1,200 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது.

ஆக, பொறியாளர்களுக்கு வழி தெரியாமல் போகவில்லை. பிறகு பணமும் கிடைத்தது. அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது?

மாகுல் சொல்லும் கதை

எட்டு பம்பு நிலையங்கள் வேண்டும் என்று திட்டம். ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லண்டு பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்து ஆகிய ஆறு நிலையங்கள் வந்துவிட்டன. அவை ஓடும் பகுதிகளில் தண்ணீர் முன்னைவிட விரைவாக வடிகிறது. மாகுல், மோக்ரா ஆகிய இரண்டும் 2005 வெள்ளம் நடந்து 20 ஆண்டு நிறைந்த 2025-லும் முடியவில்லை.

மாகுல் நிலையம் வந்தால் யாருக்கு நன்மை? செம்பூர், சயான், மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள், வடாலா பகுதிகளில் வசிப்பவர்களுக்கு. தமிழர்கள் நெருக்கமாக வாழும் பேட்டைகள் இவை. ஒவ்வொரு மழைக்கும் காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர் நிற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை மாகுலில்தான் இருக்கிறது.

அங்கே பம்பு நிலையத்துக்குப் பார்த்த இடம் உப்பளம். உப்பளம் மத்திய அரசாங்கத்தின் உப்பு இலாகாவுக்குச் சொந்தம். பம்பு நிலையம் கட்டுவது மாநகராட்சி. மேலே இருப்பது மாநில அரசாங்கம். இடத்தைக் கேட்டு ஒருவர் கடிதம் எழுதுவார். மற்றவர் விளக்கம் கேட்பார். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். பிறகு வேறு இடம் பார்த்தார்கள். அங்கே அலையாத்திக் காட்டுப் பிரச்சினை வந்தது. அந்தேரிப் பகுதிக்கான மோக்ரா நிலையமும் நிலத் தகராறில் சிக்கியது.

ஓர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இலாகாக்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் எல்லாம் வீம்பு அல்ல. உப்பளமும் அலையாத்திக் காடும் மழை நீரைத் தேக்கி நகரைக் காப்பவை. அலையாத்தி மரங்களை வெட்டக் கூடாது என்று 2005 அக்டோபரிலேயே மும்பை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. அந்தச் சட்டம் தேவை. ஆனால் அதே கண்டிப்பு எல்லாரிடமும் காட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி. 2024 செப்டம்பரில், தாராவி சீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதி இல்லாதவர்களைக் குடியமர்த்துவதற்காக, ஏறக்குறைய 256 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க மாநில மந்திரிசபை முடிவு செய்தது. பம்பு நிலையத்துக்கு 20 ஆண்டாகக் கிடைக்காத உப்பளம், கட்டிடத்துக்குச் சில ஆண்டுகளில் கிடைத்தது! வெள்ளத்தை வாங்கும் பள்ளத்தில் வீடு கட்டினால், அங்கே குடியேறப் போகிறவன் கதி என்ன?

மித்தி ஆறும் ஆரே மரமும்

விகார் ஏரி நிரம்பி வழிந்து, பவாய் ஏரி நீரையும் சேர்த்துக் கொண்டு, சாக்கிநாக்கா, குர்லா, காலினா, தாராவி வழியாக மாகிம் கழியில் கலக்கிறது மித்தி ஆறு. நீளம் 18 கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமான நிலையத்துக்காக அதைத் திருப்பி வளைத்தார்கள். பாந்திரா-குர்லா வளாகத்துக்காக அதன் கரையோரச் சதுப்பை மேடாக்கினார்கள். கரையில் பட்டறைகளும் குடிசைகளும் நெருங்கின. 2005-ல் அது பொங்கியதும் மித்தி மேம்பாட்டு ஆணையம் அமைத்தார்கள்.

ஆணையம் வந்தது, ஆறு குணமாகவில்லை. ஆண்டுதோறும் தூர் வாரக் கோடிக்கணக்கில் செலவு நடந்தது. 2025 மே மாதத்தில், வாராத மண்ணுக்குப் பில் போட்டு மாநகராட்சிக்கு 65 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் ஏற்படுத்தியதாக மும்பைப் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். குற்றச்சாட்டை முடிவு செய்ய வேண்டியது கோர்ட்டு. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி மித்தி 3.9 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. குர்லாவில் ஏறக்குறைய 400 பேரை வீடுகளில் இருந்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. லோக்கல் ரெயில் தடைப்பட்டதால் மக்கள் மோனோ ரெயிலில் முண்டியடித்து ஏறினார்கள். செம்பூர் அருகே அது பாரம் தாங்காமல் அந்தரத்தில் நின்றது. 500-க்கு மேற்பட்ட பயணிகளைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள்.

மித்தியின் நீர்பிடிப்புப் பகுதியில்தான் ஆரே காலனி இருக்கிறது. மெட்ரோ ரெயில் பணிமனைக்காக 2019 அக்டோபரில் அங்கே 2,000-க்கு மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டு நிறுத்தியது. அடுத்த மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் பணிமனையைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்றியது. அந்த நிலம் தன்னுடையது என்று மத்திய அரசாங்கம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2022-ல் மீண்டும் ஆட்சி மாறியது. பணிமனை மறுபடியும் ஆரேக்கே திரும்பியது!

மெட்ரோ ஓடினால் மோட்டார் புகை குறையும். மரம் நின்றால் வெள்ளம் குறையும். இரண்டும் பருவத்தைக் காக்கும் வேலைகளே. இரண்டையும் இணைத்துப் போக வழி தேடாமல், கட்சிக்குக் கட்சி வழக்காடியே மூன்று ஆண்டு கழிந்தது.

தட்டிக் கேட்க ஆள் இல்லை

2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி ஒரு பருவநிலைச் செயல் திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நகரின் நிகரக் கரிப்புகையைப் பூஜ்யமாக்குவது அதன் இலக்கு. நாட்டுக்கு இந்தியா வைத்துக் கொண்ட இலக்கு 2070. அதைவிட 20 ஆண்டு முன்னதாகவே முடிப்பதாக மும்பை சொன்னது. பாராட்ட வேண்டிய சபதம்.

ஆனால் அதே மாதம்தான் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. வார்டு எல்லைத் தகராறு, இட ஒதுக்கீட்டு வழக்கு என்று தள்ளிக் கொண்டே போனார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டு அதிகாரியின் நிர்வாகம்தான் நடந்தது. 2026 ஜனவரியில்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2025-26-ல் 74,000 கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போட்ட மாநகராட்சி அது. அவ்வளவு பணத்தையும் "எங்கள் வார்டு நாலாவைத் தூர் வாரினீர்களா?" என்று சபையில் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் செலவழித்தார்கள்.

கவுன்சிலர்கள் இருந்த காலத்தில் மட்டும் எல்லாம் நடந்துவிட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூமிக்கு அடியில் போகும் சாக்கடைக்கு ரிப்பன் வெட்ட முடியாது. மேம்பாலத்துக்கு வெட்டலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்பவருக்கு, 30 ஆண்டு கழித்துப் பலன் தரும் வேலையில் என்ன லாபம்? இலாபம் இன்று ஒருவனுக்கு. நஷ்டம் நாளை வேறொருவனுக்கு. பருவநிலைக் காரியங்கள் எங்கும் தேங்கி நிற்பதற்கு ஆணிவேர் இதுதான்.

குடிசை மேல் பழி

வெள்ளம் வந்தவுடன் முதலில் சுட்டிக்காட்டப்படுபவன் நாலாக் கரையில் குடியிருப்பவன். "ஆக்கிரமிப்பால்தான் எல்லாம்" என்பார்கள். குடிசைகள் நீர்வழியை நெருக்கியது உண்மை. பிளாஸ்டிக் குப்பை நாலாவை அடைப்பதும் உண்மை. 2018-ல் மராட்டிய அரசாங்கம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால் ஆற்றை வளைத்தது குடிசைவாசி அல்ல. சதுப்பை மூடிக் கண்ணாடிக் கட்டிடம் எழுப்பியதும் அவன் அல்ல. தண்டனை மட்டும் அவனுக்கு. தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்தில் இருந்து அகற்றப்பட்டவர்களை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாகுலுக்கு அனுப்பினார்கள். அங்கே மூச்சு முட்டுகிறது என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் ஐகோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. வேறு இடத்தில் குடியிருக்க வாடகைப் பணம் தரச் சொன்னது. அதே மாகுலில் பம்பு மட்டும் வரவில்லை!

உலகத்திலும் இதே பாடம்

இந்த வியாதி மும்பைக்கு மட்டும் வந்ததல்ல. வானத்தில் சேர்ந்திருக்கும் கரிப்புகையில் அதிகப் பங்கு அமெரிக்காவுடையது. 2015-ல் பாரிசில் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது சேர்ந்தது. 2020-ல் விலகியது. 2021-ல் மீண்டும் சேர்ந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் விலக உத்தரவு போட்டது. ஜனாதிபதி மாறும் போதெல்லாம் கொள்கை மாறுகிறது. கடலின் சூடு அதற்காகக் காத்திருக்கவில்லை.

2024 நவம்பரில் பாகு மாநாட்டில், ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவை எட்டுவதாகப் பணக்கார நாடுகள் சொல்லின. இது போதாது என்று இந்தியா அங்கேயே ஆட்சேபித்தது. புகை விட்டவன் ஒருவன், நனைபவன் ஒருவன். ஒர்லிக்கும் குர்லாவுக்கும் இடையே உள்ள வழக்குதான் நாடுகளுக்கு இடையேயும் நடக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு நாளில் 944 மில்லி மீட்டர் கொட்டினால் எந்தச் சாக்கடையும் தாங்காது என்று அதிகாரிகள் சொல்வார்கள். அது மெய்தான். ஆனால் இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆனால் உயிர் பிழைக்கும். எட்டு மணி நேரம் நிற்கும் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வடிந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும். கடைச் சரக்கும் தைத்து வைத்த தோல் பையும் ஊறாமல் தப்பும். தினக் கூலிக்காரனுக்கு இதுவே பெரிய காரியம்.

தாராவித் தோல் பட்டறைக்கும் சயான் கோலிவாடாவுக்கும் செம்பூருக்கும் வந்து மூன்று, நான்கு தலைமுறை ஆனவர்கள் மும்பைத் தமிழர்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கோயில் விழாவுக்கும் கரகாட்டத்துக்கும் நன்கொடை தருகிறார்கள். அதை வாங்கிக் கொள்ளலாம். அத்துடன் மூன்று கேள்வியும் கேட்கலாம். மாகுல் பம்பு நிலையம் எப்போது ஓடும்? வார்டில் வாரிய மண்ணின் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுவீர்களா? இடம் பெயர்க்கும் குடும்பங்களை மேட்டில் வைப்பீர்களா, பள்ளத்தில் வைப்பீர்களா?

கட்சி எதுவானாலும் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும். தமிழரும் மராட்டியரும் வடநாட்டவரும் நிற்பது ஒரே தண்ணீரில்தான். சங்கங்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் தப்புவது கடினம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்ன புத்தி. வெள்ளம் இப்போது தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. ஆகவே அணை போடும் வேலைக்கும் இனி வாய்தா இல்லை.